மலைக்கு ஒரு காற்று, கொழும்புக்கு ஒரு காற்றா?

டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிட்டால், அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் வாகனங்களுக்குக் குறைவில்லை. புறப்படுமுன் பெற்றோல் செட்டில் காற்றடிக்கும்போது இரண்டு விதமான புத்திமதி கிடைக்கும். மேலே போனால் டயர் உப்பும், கொஞ்சம் குறைத்துவிடுங்கள் என்பார் ஒருவர். மேலே குளிர், காற்று சுருங்கிவிடும், இரண்டு பவுண்ட் கூட்டிக்கொள்ளுங்கள் என்பார் இன்னொருவர். வேடிக்கை என்னவென்றால், இருவர் சொல்வதும் உண்மை; ஆளுக்குப் பாதி உண்மை.

கேஜ் காட்டுவது டயருக்குள் இருக்கும் முழு அழுத்தத்தை அல்ல. உள்ளே இருப்பதற்கும் வெளியே நம்மைச் சூழ்ந்திருக்கும் வளிமண்டலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது காட்டுகிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் அந்த வித்தியாசமே. கடல் மட்டத்தில் வளிமண்டலம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்ட் அழுத்துகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறத்தாழ 11.7 தான். ஆகவே உயரம் மட்டும் கேஜில் 3 பவுண்டைக் கூட்டும். ஆனால் கொழும்பின் 30 பாகை செல்சியஸ் வெக்கையில் 32 அடித்த டயர், நுவரெலியாவின் 12 பாகை விடியலில் ஆறிக் கிடக்கும்போது குளிரால் கிட்டத்தட்ட அதே 3 பவுண்டை இழந்திருக்கும். கூட்டிக் கழித்தால் கேஜில் மறுபடியும் 32! தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் தை மாத உறைபனியில் இன்னும் ஒன்றோ ஒன்றரையோ குறையலாம். இறங்கி வரும்போது அதுவும் தானாகத் திரும்பிவிடும். இரண்டு நாள் பயணத்துக்காகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அப்படியானால் எந்த அளவு சரி? சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவுதான். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்சம். அதைப் பார்த்துக் காற்றடிப்பது தவறு. நம் நாட்டில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் பாவித்துவிட்டு வந்தவை என்பதால் ஸ்டிக்கரில் எழுத்து புரியாது, எண் புரியும். கிலோபாஸ்கலில் 220 என்றிருந்தால் 32 பவுண்ட், 240 என்றால் 35. குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் போகிறவர்களுக்கு முழுச் சுமைக்கான தனி அளவையும் சில ஸ்டிக்கர்கள் தருகின்றன. மலைக்குப் போகிறோம் என்பதற்காக அல்ல, சுமை ஏறுகிறது என்பதற்காகக் காற்றைக் கூட்டுவது நியாயம்.

தோட்டத்து ஓட்டுநர்கள் இங்கே மறுப்பார்கள். லயத்துக்குப் போகும் கல் ரோட்டில் 32 வைத்து ஓட்டினால் எலும்பு கழன்றுவிடும், 25 போதும் என்பார்கள். குலுக்கல் குறையும் என்பது மெய்தான். ஆனால் காற்றிழந்த டயர் கூரான கல்லில் ஏறும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் பக்கச்சுவர் நசுங்குகிறது. வெட்டு உள்ளே விழுவதால் வெளியே தெரியாது. அதே டயர் அன்று மாலை றம்பொடை வளைவுகளில் இறங்கும். அங்கே பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும், ஸ்டியரிங் திருப்பியதற்கு வண்டி ஒரு கணம் தாமதித்தே பதில் சொல்லும், போதாக்குறைக்கு பிரேக்கின் சூடும் ரிம் வழியாகச் சேரும். கல் ரோட்டுக்குக் காற்றைக் குறைப்பதைவிட வேகத்தைக் குறைப்பது மலிவு.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். ஸ்டிக்கர் அளவு ஆறிய டயருக்கானது; தோட்டத்திலிருந்து காற்றுப் பம்ப் இருக்கும் டவுனுக்கு இறங்கிப் போவதற்குள் டயர் சூடாகி மூன்று நான்கு பவுண்ட் கூடுதலாகக் காட்டுமே? கூடுதலாகக் காட்டுகிறதே என்று அங்கே திறந்துவிட்டால் மறுநாள் விடியலில் டயர் 28க்கு வந்து நிற்கும். அதனால் சிறிய கேஜ் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் வாசலிலேயே அளந்துவிடவேண்டும். 32 வேண்டிய இடத்தில் 28 இருந்தால் குறை 4. டவுனுக்குப் போனதும் சூட்டில் அது 31 காட்டினால், 32க்கு அல்ல, அந்த 4ஐச் சேர்த்து 35க்கு அடிக்கவேண்டும்.