அடுப்படியில் மிஞ்சுவது மறுபடியும் துளிர்க்குமா?



நம்ம மலையில் விளையும் கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோசும் லாரி ஏறிக் கீழே போகிறது. துவையலுக்கு வேண்டிய புதினாவும் ரசத்துக்கு வேண்டிய மல்லியும் கீழேயிருந்து பஸ் ஏறி மேலே வருகிறது! சந்தைக்குப் போய் வருகிற அக்காமார் பையில் இந்த இரண்டு கட்டும் இல்லாத வாரம் இல்லை. வாரத்துக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 1,040 ரூபாய் ஆகிறது. மாதச் சேமிப்பு 100 ரூபாய் கட்டுகிற வீட்டுக்கு இது பத்து மாதச் சேமிப்பு. ஆனால் இந்தச் செலவை யாரும் வரவு செலவு நோட்டில் எழுதுவது கிடையாது.

இப்போது செல்போனில் படம் படமாக வருகிறது. கேரட் கொண்டையைத் தட்டில் வைத்தால் கேரட் வரும், வெங்காய அடியைத் தண்ணீரில் வைத்தால் வெங்காயம் வரும் என்கிறார்கள். இது உண்மையா என்று குழுக் கூட்டங்களில் நிறைய பேர் எங்களைக் கேட்கிறார்கள். பாதி உண்மை, பாதி கதை. எது எது என்று தெரிந்துகொண்டால் ஏமாற வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இது நமக்குப் புதுசு இல்லை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் மலைப்பூண்டு எப்படிப் போடுகிறோம்? கறிக்கு உரிக்கிற அதே பல்லைத்தானே ஊன்றுகிறோம். அடுப்புப் புகை படுகிற மாதிரி கட்டித் தொங்கவிட்டு வைத்திருக்கும் பூண்டுதான் அடுத்த போகத்துக்கு விதை. பாட்டிமார் காலத்திலிருந்து பல்லிலிருந்து பல்லாக வந்த இந்தப் பூண்டுக்குத்தான் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முயற்சி எடுத்ததில் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு.

அதே மாதிரிதான் சௌசௌ. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. காய்க்குள் இருப்பது ஒரே ஒரு விதை. அதைத் தனியாக எடுத்துக் காயப்போட்டால் செத்துப்போகும். காய் முற்றினால் உள்ளேயே முளைத்து, வாயைத் திறந்து தலையை நீட்டும். குழம்புக்கு வாங்கிய காய் கூடையில் கிடந்து முளைத்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். நறுக்காமல் முழுசாக, முளை வருகிற பக்கம் கொஞ்சம் மேலே தெரிகிற மாதிரி சாய்த்துப் பாதி புதைத்தால் போதும். ஒரு கொடி இருந்தால் வீட்டுக்கும் போகும், பக்கத்து வீட்டுக்கும் போகும். மெக்சிகோ பக்கத்திலிருந்து உலகமெல்லாம் போன கொடி இது. நேபாளத்திலும் நம்ம வடகிழக்கு மாநிலங்களிலும் இதன் இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கிறார்கள். நம்ம ஊரில் அதை மாட்டுக்குப் போடுகிறோம்!

சரி, எதற்கு உயிர் இருக்கும், எதற்கு இருக்காது? கணுவோ, முளைக்கண்ணோ, நடுக்குருத்தோ இருந்தால் உயிர் இருக்கிறது. புதினாத் தண்டில் இலை ஒட்டியிருக்கும் இடம் கணு. இஞ்சியில் மூக்கு மாதிரி துருத்திக்கொண்டிருப்பது முளைக்கண். வெங்காயத்தின் அடித்தட்டுக்கு மேலே, நட்ட நடுவில் இருப்பது குருத்து. இதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தண்ணீரில் வைத்தால் அழுகல் நாற்றம்தான் வரும்.

எல்லாவற்றிலும் நல்ல பலன் தருவது புதினாதான். கட்டு வாங்கியதும் கொழுந்தையும் நல்ல இலையையும் துவையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த தண்டில் நான்கைந்து விரற்கடை நீளம் வெட்டி, கீழ்ப்பக்கத்து இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி டம்ளரில் வையுங்கள். கீழ்மலையில் ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர் விடும். மேல்மலையில் மார்கழிக் குளிரில் இன்னும் கூடுதல் நாள் ஆகும். அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. வேர் ஒரு விரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். பறிக்கும்போது இலையை மட்டும் உருவாமல், கணுவுக்கு மேலே தண்டோடு கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டு கிளை வெடிக்கும். புதினா ஊர்ந்து போய்ப் பக்கத்துச் செடியை அமுக்கிவிடும், அதனால் அதற்குத் தனிச் சட்டி கொடுங்கள். சில மாதங்களில் சட்டி முழுக்க வேர் பின்னி, இலை சிறுத்துப் போகும். அப்போது நுனித்தண்டை வெட்டிப் புது மண்ணில் ஊன்றிவிட்டால் மறுபடியும் இளமை வந்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லை!

பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை இரண்டையும் இதே மாதிரி தண்டிலிருந்து வளர்க்கலாம். ஆய்ந்து முடித்த தண்டை ஈர மண்ணில் செருகினாலே பிடித்துக்கொள்ளும். இரண்டும் கதகதப்பு கேட்பவை, கீழ்மலைக்கும் அடிவாரத்துக்கும் தோது. கறிவேப்பிலைக் காம்பை ஊன்றிப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். அது லேசில் வேர் பிடிக்காது. மரத்தடியில் வரும் பக்கக் கன்றையோ, பழத்து விதையையோ வையுங்கள்.

மல்லிக்கு வேர் இருக்கிறதே, நட்டால் வராதா என்பார்கள். வரும், நாலு இலை விட்டுப் பூத்துவிடும், அவ்வளவுதான். அதைவிட அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள். வறுக்காத, பழசாகாத தனியாவைச் செருப்பின் அடியில் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். ஒரு தனியாவுக்குள் இரண்டு விதை இருக்கிறது. வெந்தயத்தைத் தூவினால் ஒரு மாதத்துக்குள் கீரை. முளைத்த சின்ன வெங்காயத்தையும் பூண்டுப் பல்லையும் சட்டியில் செருகினால் வெங்காயத்தாளும் பூண்டுத்தாளும் வெட்ட வெட்ட வரும். முட்டை பொரிக்கும்போது அள்ளிப் போடலாம். இஞ்சி மேல்மலைப் பனிக்குத் தாங்காது, கீழ்மலையில் சாக்கில் வையுங்கள்.

இப்போது கேரட் கொண்டை. தட்டில் வைத்தால் பச்சையாக இலை வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கேரட் வராது. கேரட் என்பதே அந்தச் செடியின் வேர். அதைத்தான் நாம் சாப்பிட்டுவிட்டோமே, மறுபடி எங்கிருந்து வரும்? பீட்ரூட், முள்ளங்கிக்கும் இதேதான். பீட்ரூட் இலையைக் கூட்டு வைக்கலாம் என்றாலும், காட்டில் அறுவடையன்று குவியல் குவியலாகத் தழையைக் கழித்துப் போடுகிற நாம் தட்டில் நாலு இலை வளர்க்க வேண்டுமா?

அடுத்துச் சொல்லப்போவது எல்லாவற்றையும்விட முக்கியம். தண்டு, பல், கிழங்கு, கன்று இவற்றிலிருந்து வளர்வது தாய்ச்செடியின் அச்சு அசல். தாயின் குணம் மட்டுமல்ல, தாயின் நோயும் கூடவே வரும். நம்ம மலையே இதற்குச் சாட்சி. விருப்பாட்சி மலைவாழை கீழ்மலையில் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி அதைப் பரப்பியது ஒரு பக்கம் என்றால், நோய் வந்த தோட்டத்துக் கன்றைப் பக்கத்து ஊருக்கு எடுத்துப்போய் நட்டது இன்னொரு பக்கம். கன்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நோய் உள்ளே இருக்கும். தோட்டம் தோட்டமாக அழிந்து எத்தனையோ குடும்பங்கள் வாழையையே விட்டுவிட்டன. 2008-ல் விருப்பாட்சி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நச்சுயிரி இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டுதான் அதை மீட்க வேண்டியிருந்தது.

உருளைக்கிழங்குக்கும் இதே ஆபத்து. 1961-ல் நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு கொடைக்கானல் மலையிலும் தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத புழு. அதன் முட்டைக்கூடு வருடக்கணக்கில் மண்ணில் சாகாமல் கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணிலும், மண்வெட்டியிலும், செருப்பிலும் தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். அதனால் கடையில் வாங்கி, கூடையில் முளைத்த உருளைக்கிழங்கை மட்டும் எங்கேயும் நடாதீர்கள். பச்சை நிறம் ஏறியிருந்தால் சமைக்கவும் வேண்டாம். உருளைக்கிழங்குத் தழை நச்சு, அதைக் கீரையாக நினைத்துப் பறித்துவிடாதீர்கள்.

எனவே கடையில் வாங்கியது வீட்டுச் சட்டியோடு இருக்கட்டும், காட்டுக்குப் போக வேண்டாம். வடக்கேயிருந்து வரும் பெரிய பூண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று மலைப்பூண்டுக் காட்டில் ஊன்றினால், நோய் வரும் ஆபத்து ஒன்று, நம்ம பூண்டின் பெயர் கெடுவது இன்னொன்று. வியாபாரி ஒருமுறை ஏமாந்தால் அடுத்த முறை நல்ல பூண்டுக்கும் விலையைக் குறைப்பார். சட்டியில் தாளுக்கு வளர்த்தால் இந்தக் கவலை இல்லை.

சட்டி என்றதும் கடைக்கு ஓட வேண்டாம். ஓட்டைக் குடம், உடைந்த வாளி, சிமெண்ட் சாக்கு, சிரட்டை எதுவும் ஆகும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. மக்கிய சாணத்தையும் தோட்டத்து மண்ணையும் கலந்துகொள்ளுங்கள். இலைமண் நன்றாக இருக்கிறதே என்று சோலைக்காட்டில் போய்த் தோண்ட வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம், சோப்புத் தண்ணீர் கூடாது. டம்ளரில் வேர்விட வைத்திருக்கும் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி, டம்ளரைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிட அந்த ஒரு டம்ளர் போதும். காட்டுமாடு வருகிற ஊர்களில் சௌசௌக் கொடியை வாசல் பக்கம் ஏற்றிவிட்டு, ராத்திரி கதவைத் திறந்தால் எதிரில் மாடு நிற்கிற நிலைமை வேண்டாம். ஆள் புழங்காத வேலிப்பக்கம் விடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, புதினா வேர் பிடித்தவர்கள் ஆளுக்கு இரண்டு தண்டு கொண்டு வாருங்கள். பிடிக்காதவர்களுக்குக் கொடுக்கலாம். வேரை நன்றாக அலசி, மண் இல்லாமல், ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். முளைத்த சௌசௌவும் கொண்டு வரலாம். வாழைக்கன்று மட்டும் யாரும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.