கட்டு அவிழ்ந்தாலும் கை தயங்குவது ஏன்?

அரக்கோணம் - ரேணிகுண்டா ரயில் பாதையில் உள்ள புத்தூர், எலும்பு முறிவு வைத்தியத்துக்குப் பெயர் போன ஊர். பச்சிலை விழுது, முட்டையின் வெள்ளைக் கரு, மூங்கில் பத்தை, துணி இவற்றைக் கொண்டு பரம்பரை வைத்தியர்கள் போடும் 'புத்தூர் கட்டு' தமிழ்நாடு முழுவதும் அறிந்தது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் 'பேர்டு' ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்கு நவீன சிகிச்சை கிடைக்கிறது.

கட்டு எதுவானாலும், அவிழ்த்த பின் பலருடைய குறை ஒன்றே. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை சொன்னபடி கேட்பதில்லை! சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம். டம்ளரை எடுக்கவும் தயக்கம். தசை மெலிவதும், மூட்டு இறுகுவதும் இதற்குக் காரணங்கள். மூன்றாவது காரணம் தலைக்குள் இருக்கிறது.

கை நீளும் முன்பே, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு பலம் என்று மூளை திட்டமிட்டு விடுகிறது. அசையும் கை அனுப்பும் செய்திகளால்தான் அந்தத் திட்டம் சீராக இருக்கிறது. அசைவு நின்றால் செய்தியும் குறைகிறது.

இதைச் சோதிக்க அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழக டாக்டர் நிக்கோ டோசன்பாக், முறிவே இல்லாத தம் கையில் 2 வாரம் கட்டுப் போட்டுக் கொண்டார். வேறு இருவரும் அவ்வாறே செய்தனர். மூவரின் மூளையும் தினமும் ஸ்கேன் செய்யப்பட்டது. 2020-ல் வெளியான முடிவு இது: இரண்டே நாட்களில், அந்தக் கையை இயக்கும் மூளைப் பகுதி, இயக்கத்துக்குரிய மற்றப் பகுதிகளோடு கொண்ட தொடர்பு தளர்ந்தது. கட்டு நீங்கிக் கை வேலை செய்யத் தொடங்கியதும் தொடர்பு திரும்பியது.

ஆகவே தயக்கம் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சி, மறு கையாலேயே வேலையை ஓட்டுவதுதான் ஆபத்து. அதுவே பழக்கமாகிவிட்டால், தையல்காரருக்கும் பூக்கட்டும் பெண்ணுக்கும் பிழைப்பே கெடும்.

கட்டு இருக்கும்போதே, டாக்டர் அனுமதித்தால், வெளியே உள்ள விரல்களை மடக்கி நீட்டலாம். செய்யும் வேலையை மனத்தில் நினைத்துப் பார்ப்பதும் உதவக்கூடும். விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கட்டு நீங்கிய பின், பிசியோதெரபி நிபுணர் காட்டும் பயிற்சியோடு, சிறு சிறு வேலைகளை அந்தக் கைக்கே கொடுக்க வேண்டும்.

எலும்பைக் கூட்டுவது கட்டு. கையை மீட்பது வேலை.