பெற்றோர் தாமே வழக்குரைக்கும் உரிமை

பிள்ளை பெற்றோரிடம் வளர்வதா, பிறர் பொறுப்பில் விடப்படுவதா என்னும் வினா நீதிமன்றத்தில் எழும்போது, சட்டத்தரணியை அமர்த்த வசதியற்ற தாயோ தந்தையோ என்ன செய்தல் கூடும்? இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

ஸ்பிரிங்வெளி முதலிய ஊவாத் தோட்டங்களிலிருந்து பதுளை நீதிமன்றத்துக்குச் செல்லும் தொழிலாளி, அன்றைய சம்பளத்தை இழந்தே செல்கிறார். தாய் வெளிநாட்டில் வீட்டுப்பணி புரிய, பிள்ளை பாட்டியிடம் வளரும் குடும்பங்களும் அங்கு உண்டு. இத்தகைய குடும்பங்களை இரு சட்டங்கள் தொடக்கூடும். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, தக்க பராமரிப்பில்லாத பிள்ளையை நீதிமன்றம் தகுதியான வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டமோ இன்னும் பாரதூரமானது. மகவேற்புக் கட்டளை பிறந்தவுடன் பெற்றோரின் உரிமை நிரந்தரமாக நீங்கிவிடுகிறது. ஆதலின், சம்மதம் கொடுக்கும் பெற்றோர் அந்த விளைவை உள்ளபடி விளங்கிக்கொண்டனரா என்பதில் நீதிமன்றம் திருப்தியடைதல் வேண்டும் என்று அச்சட்டமே விதிக்கிறது. விளங்காத பத்திரத்தில் இடும் கைநாட்டு அறிந்து கொடுத்த சம்மதமாகாது.

சட்டத்தரணி இல்லை என்பதனால் பெற்றோரின் வாய் அடைபட்டுவிடாது. குடியியல் வழக்கில் கட்சிக்காரர் தாமே நேரில் தோன்றலாம் என்பதை 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை ஏற்கிறது. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி பொதுவாகச் சிங்களமாயினும், தமிழிலேயே வழக்கிடவும் வாதத்தில் பங்குகொள்ளவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. நடவடிக்கை மொழி தெரியாதவருக்கு உரைபெயர்ப்பு வழங்குவது அரசின் கடமை. இதனை மன்றில் முதல் நாளே கேட்டல் நன்று. இலங்கை 1991இல் ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையும், பிள்ளையைப் பிரிக்கும் நடவடிக்கையில் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் தம் கருத்தைத் தெரிவிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது.

எனினும், பேசும் உரிமை வேறு; பேசி வெல்லும் ஆற்றல் வேறு. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1981இல் தீர்த்த வழக்கொன்றில், சட்டத்தரணியின்றித் தனித்து வாதாடிய தாயொருவர் தம் பிள்ளைமீதான உரிமையை இழந்தார். இத்தகைய வழக்கு ஒவ்வொன்றிலும் ஏழைப் பெற்றோருக்கு அரசு சட்டத்தரணியை அமர்த்தித் தந்தே தீரவேண்டியதில்லை என்று நீதியரசர்கள் ஐவர் தீர்த்தனர், நால்வர் மாறுபட்டனர். சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்வது பழகாதவருக்கு எளிதன்று. ஆகவே தாமே பேசும் உரிமையைச் சட்ட உதவிக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. நம் நாட்டில் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றோருக்காகவே உள்ளது.

அழைப்பாணை கிடைத்ததும் அதை வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுக. குறித்த நாளில் தவறாது செல்லுக. பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவு, மருத்துவ அட்டை, வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுக. பிள்ளையை யார் எவ்வாறு பராமரிப்பர் என்பதைத் தெளிவாகச் சொல்லுக. பெற்றோர் வராத மன்றில் பிறர் கூற்றே எஞ்சும். வந்து பேசினால், பிள்ளையின் நன்மையை நிறுக்கும் நீதிபதிமுன் அவர்தம் வார்த்தையும் இருக்கும்.