அரிக்கன்சட்டியும் தங்க ஓடையும்

அரிசியில் கல் அரித்திருக்கிறீர்களா? உள்ளே வரிவரியாக இருக்கும் அரிக்கன்சட்டியில் தண்ணீர் விட்டு மெல்ல ஆட்டினால், அரிசி தண்ணீரோடு போகும். கனமான கல் அடியில் தங்கும். தங்கம் தேடுகிறவர்களும் முதலில் ஓடையில் இறங்கி இதைத்தான் செய்கிறார்கள். சாதாரண மணலைவிடத் தங்கம் ஏழு மடங்கு கனம். தட்டை ஆட்ட ஆட்ட மணல் வழிந்துபோய், கருமணல் மட்டும் பிறைபோல் ஒதுங்கும். அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு தெரிந்தால், மேலே எங்கோ தங்கம் இருக்கிறது.

ஆனால் கண்ணுக்கே தெரியாத பொடியும் உண்டு. அதற்கு ஆய்வகம் வேண்டும். அங்கே ஒரு சிக்கல். ஓர் அண்டா பொங்கலில் பத்தே முந்திரி போட்டால், முதல் கரண்டியில் ஒன்றும் வராது, அடுத்ததில் மூன்று விழும். 30 கிராம் மணலை மட்டும் சோதித்தாலும் அப்படித்தான் ஏமாறுவோம். அதனால் கிலோக்கணக்கில் வண்டலை அள்ளி, மொத்தத்தையும் நீர்த்த சயனைடு கரைசலில் ஊறவைக்கிறார்கள். காப்பித்தூள் ஃபில்டரிலேயே நிற்க, சாரம் டிகாக்‌ஷனாக இறங்குவதுபோல், மணல் நிற்க, தங்கம் கரைசலில் இறங்கிவிடும். பிறகு கருவியில் அளப்பார்கள். ஒரு டன் மண்ணுக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் இருந்தாலும் தெரிந்துவிடும். வண்டல் அள்ளுகிறவர் தங்க மோதிரத்தைக் கழற்றி வைப்பது இதனால்தான். மோதிரம் தேய்ந்து உதிரும் துகள்கூட, இல்லாத தங்கத்தை இருப்பதாகக் காட்டும்.

கூடவே ஆர்சனிக்கையும் அளப்பார்கள். தங்கம் இருக்கும் பாறைகள் பலவற்றில் அதுவும் இருக்கும். ஆர்சனிக் கலந்த ஆர்சனோபைரைட் கல்லைச் சுத்தியால் தட்டினால் பூண்டு வாசனை வரும்! தாளிப்பு வாசனையை வைத்தே எந்த வீட்டில் சமையல் என்று கண்டுபிடிப்பதில்லையா?

அடுத்தது, எந்த மலை என்று பார்ப்பது. தெருச் சாக்கடையில் மஞ்சள் தண்ணீர் ஓடினால், எதிர்த்திசையில் நடப்போம். இரண்டு கால்வாய் கூடும் இடத்தில், எதில் மஞ்சள் வருகிறதோ அதன் வழியே போவோம். ஓடைகளிலும் அதேதான்: கூடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாக வண்டல் எடுக்கிறார்கள். கீழே போகப்போக மற்ற மணல் கலந்து தங்கத்தின் அளவு குறையும். மேலே ஏற ஏறக் கூடும். இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் இப்படி ஓடை வண்டலைத் தொடர்ந்துபோய்த்தான், 1990-இல் பாத்து ஹிஜாவ் என்ற பெரிய செம்பு–தங்கப் படிவைக் கண்டார்கள்.

ஏறிக்கொண்டே போகையில் ஓரிடத்தில் தங்கம் சட்டென்று நின்றுவிடும். அங்கே ஓடையை விட்டுக் கரையேறி, இரண்டு பக்கச் சரிவிலும் மண்ணைத் தோண்டத் தொடங்குவார்கள்.