நண்பரோடு கடலோரப் பயணமா? மாத்திரை டப்பாவைக் கேட்டு ரூட் போடுங்க!

பண்ருட்டிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. காலையில் காபியைக் குடித்துவிட்டுக் காரைக் கிழக்கே விட்டால், சுமார் 25 கிலோமீட்டரில் கடலூர். அங்கே தெற்கே திரும்பிவிட்டால் போதும், அப்புறம் கன்னியாகுமரி வரைக்கும் இடது கைப்பக்கம் கடல் கூடவே வரும். எல்லா இடத்திலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்றில் உப்பு வாசனை சொல்லிவிடும்! சிதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம், ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று எப்படிப் பார்த்தாலும் 600 கிலோமீட்டருக்குக் குறையாது.

பிள்ளைகள் செட்டிலாகிவிட்டார்கள். நெய்வேலியில் ரிடையர்மென்ட் மாலையும் போட்டாகிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் வாக்கிங் போகும்போது உங்கள் நண்பர் ஆரம்பிப்பார். "ஏம்ப்பா, குடும்பம் குட்டியெல்லாம் இல்லாம, நாம ரெண்டு பேர் மட்டும் ஒரு தரம் கடலோரமாவே கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வந்தா என்ன?"

கண்டிப்பாகப் போங்கள். ஆனால் அதற்குமுன் ஒரு விஷயம். எந்த லாட்ஜ், எந்த ஓட்டல், யார் கார் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுவீர்கள். "நீ என்னென்ன மாத்திரை சாப்பிடறே?" என்று மட்டும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ள மாட்டீர்கள். நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டோம்!

சில வருஷத்துக்கு முன்னால் நானும் என் நண்பரும் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினோம். முப்பது வருஷம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவர்தான் கார் ஓட்டினார். காலையில் டிபன் சாப்பிடவில்லை. "வழியில பாத்துக்கலாம்ப்பா" என்றார். சிதம்பரத்தில் கூட்டம், நிறுத்த இடமில்லை. சீர்காழி தாண்டினோம். மணி பத்தரை இருக்கும். கார் லேசாக வலது பக்கம் ஒதுங்குகிறது. எதிரே வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தால், ஏ.ஸி. ஓடுகிற காருக்குள் மனுஷர் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது!

"என்னப்பா ஆச்சு?" என்றேன். முறைத்தார். "எனக்கு ஒண்ணுமில்ல, நீ சும்மா வா" என்று குழறலாக ஒரு அதட்டல். என் வாழ்நாளில் அவர் என்னை அதட்டியதே கிடையாது.

கெஞ்சிக் கூத்தாடி ஓரமாக நிறுத்த வைத்தேன். ஹார்ட் அட்டாக் என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, எதிரே ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, "சுகரா சார் இவருக்கு? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து நண்பர் என்னைப் பார்த்து, "எந்த ஊரு இது?" என்று கேட்டார். ஓட்டி வந்த வழி அவருக்கு ஞாபகமே இல்லை!

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புது மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம். என்னிடம் சொல்லவில்லை. "அண்ணனுக்குத் தெரியும்னுல்ல நெனைச்சேன்!" என்று அவர் மனைவி பிறகு என்னிடமே கோபப்பட்டார். சரி, நான் மட்டும் யோக்கியமா? எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. தினமும் காலையில் நீர் பிரியும் மாத்திரை. அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, அன்றைக்கு அந்த மாத்திரையைப் போடாமலேயே காரில் ஏறியிருந்தேன். இரண்டு பொய்யர்கள் ஒரே காரில்!

நம்ம ஊர் திருவதிகைக் கதை உங்களுக்குத் தெரியும். சூலை நோயால் துடித்த அப்பர், அதை மூடி மறைக்காமல் அக்கா திலகவதியாருக்குச் சொல்லி அனுப்பினார். அப்புறம்தான் வழி பிறந்தது. நாமோ பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடச் சொல்வதில்லை.

ஆகவே, பிளான் போட உட்காரும் முதல் நாள் இரண்டு பேரும் மாத்திரை டப்பாவையும் டாக்டர் சீட்டையும் மேஜைமேல் வையுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, விட்டுப்போனால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்கு மற்றவருடையது மனப்பாடமாகத் தெரிய வேண்டும். அப்புறம் இரண்டு பேரும் அவரவர் டாக்டரை ஒரு தடவை பார்த்து, "தினம் நாலைந்து மணி நேரம் கார் ஓட்டப்போகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நீர் மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டுக்கொள்வது என்பதை அவரே மாற்றிச் சொல்லலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சர்க்கரைக்காரர் ஸ்டியரிங் பிடித்தால்...

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் எல்லாருக்கும் தாழ்சர்க்கரை வருவதில்லை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். இந்த மருந்துகள், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி. இன்னும் இறங்கினால் மூளைக்கே சாப்பாடு இல்லை. காரணமில்லாத கோபம், குழறல், மயக்கம். குடித்துவிட்டு ஓட்டுகிறவர் மாதிரிதான் இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம். ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், மெட்டபுரலால் வகை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் வேடிக்கை பார்ப்பதோடு நண்பரின் நெற்றியையும் பார்க்க வேண்டும்!

இன்சுலின் போடுகிறவர், கிளிமிபிரைட் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் ஓட்டுவதாக இருந்தால், வீட்டில் சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷின் கையோடு இருக்கட்டும். கிளம்புமுன் ஒரு தடவை, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். வழியில் இறங்கிவிட்டது என்றால், வண்டியை ஓரங்கட்டி மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குளுக்கோஸ் பவுடரும் சரிதான். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு டோஸ். சரியான பிறகு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடட்டும். சர்க்கரை சரியாகி முக்கால் மணி நேரமாவது ஆகும் வரை அவர் வண்டி ஓட்டக்கூடாது. நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாம் பண்ருட்டிக்காரர்கள். காரில் முந்திரி இல்லாமலா போவோம்! நொறுக்குத் தீனியாகக் கொஞ்சம் கொறிக்கலாம். ஆனால் தாழ்சர்க்கரைக்கு முந்திரி உதவாது. சாக்லெட்டும் அப்படித்தான். கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும்.

இன்சுலின் எடுத்துப்போகிறவர்கள் வெயிலில் நிறுத்திய காரில் அதை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய்விடாதீர்கள். மூடிய காருக்குள் அடுப்பு மாதிரி கொதிக்கும், மருந்து கெட்டுவிடும். பையில் கூடவே எடுத்துப்போங்கள். ஐஸில் நேரடியாகப் புதைப்பதும் தப்பு. உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

எந்த ஊரில் டிபன்?

இப்போது ரூட் போடலாம். கிலோமீட்டரை வைத்துப் போடாதீர்கள், சாப்பாட்டு மணியை வைத்துப் போடுங்கள். காலை ஆறு மணிக்குப் பண்ருட்டியில் கிளம்பினால் எட்டு மணிவாக்கில் சிதம்பரம். அங்கேதான் டிபன் என்றால், சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சர்க்கரை மாத்திரையும் சிதம்பரத்தில்தான், இலை போட்ட பிறகுதான். மாத்திரையைப் பண்ருட்டியில் போட்டுக்கொண்டு டிபனைச் சிதம்பரத்தில் வைத்தால், நண்பர் கதைதான் உங்களுக்கும்!

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்ட ஆரம்பித்த கோட்டை வாசலில் காற்று வாங்குங்கள். மதியச் சாப்பாடு காரைக்கால் அல்லது நாகப்பட்டினம், ராத்திரி தங்கல் வேளாங்கண்ணி. முதல் நாளுக்கு இது போதும்.

இரண்டாம் நாள்தான் நீளம். வேதாரண்யத்தில் 1930-ல் ராஜாஜி உப்பு எடுத்த பூமியைப் பார்த்துவிட்டு முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், சரபோஜி மன்னர் கட்டிய மனோரா, மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம். 200 கிலோமீட்டருக்கு மேல் வரும். அழகான ரோடு, ஆனால் நடுவில் பெரிய ஊர்கள் குறைவு. நினைத்த நேரத்துக்கு ஓட்டல் கிடைக்காமல் போகலாம். அன்றைக்கு மட்டும் லாட்ஜ் பக்கத்து ஓட்டலிலேயே இட்லி பார்சல் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் ஓட்டல், கிடைக்காவிட்டால் இட்லி!

மூன்றாம் நாள் பாம்பன் பாலம், ராமேஸ்வரம், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி. வண்டி ஓட்டுவது குறைவு, நடப்பது அதிகம். சர்க்கரைக்காரர்களுக்கு இந்த நாளில்தான் கால் ஜாக்கிரதை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மணல் சுடுவதே தெரியாது, ராத்திரி கொப்புளமாக நிற்கும். மணலில் செருப்போடு நடங்கள். கோயிலுக்குக் காலை வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். தீர்த்தமாடினால் விரலிடுக்கெல்லாம் துடைத்துவிடுங்கள். ராத்திரி இரண்டு பேரும் ஒருத்தர் பாதத்தை ஒருத்தர் டார்ச் அடித்துப் பாருங்கள். சிரிப்பு வரும், பரவாயில்லை.

அப்புறம் கீழக்கரை, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி, திருச்செந்தூர். மறுநாள் மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. கீழக்கரையில் தொதல், தூத்துக்குடியில் மக்ரூன், உடன்குடிப் பக்கம் கருப்பட்டி என்று இந்த வழியே தித்திப்பு! ஒரு துண்டு ருசி பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் "கருப்பட்டிதானே, சுகர் ஏறாது" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கருப்பட்டியும் சர்க்கரையைத்தான் ஏற்றும். என்னைப்போல் பி.பி. ஆசாமிகளுக்கு எதிரி வேறே: கருவாடும் ஊறுகாயும். நாகப்பட்டினத்தில் வாங்குங்கள், வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைகிற வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. விமானம் மட்டுமில்லை, கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சாதாரண மனிதர்களுக்கு இது அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், முன்பே ரத்தம் உறைந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக்கூடாது. மற்றவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் போதும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

ஜலதோஷ மாத்திரை, வாந்தி வராமலிருக்கப் போடும் அவோமின் மாதிரி மாத்திரை எல்லாம் தூக்கம் தரும். பின்சீட்டுக்காரர் போட்டுக்கொள்ளலாம், ஓட்டுகிறவர் கூடாது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கண் தானாகவே சொக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு மர நிழலில் இருபது நிமிஷம் சீட்டைச் சாய்த்துப் படுங்கள். ராத்திரி ஓட்டவே வேண்டாம். "காத்தால அஞ்சு மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்துடலாம்ப்பா" என்று ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். திரும்பும்போதும் மதுரையில் ஒரு ராத்திரி தங்கியே வாருங்கள்.

எந்த மாதம்? 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் நம்ம பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பரில் 'கஜா' வேதாரண்யத்தைப் புரட்டிப்போட்டது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்த ரோடு வேண்டாம். கத்திரி வெயிலும் வேண்டாம். பொங்கல் கழிந்து பிப்ரவரி முடியும் வரைதான் சுகம். கோடியக்கரைக்குப் போனால் பறவைகளும் இருக்கும்.

நாங்கள் தை மாசம் கிளம்புகிறோம். நண்பர் மாத்திரை என் சட்டைப் பையில், என் மாத்திரை அவர் பையில். டாஷ்போர்டில் குளுக்கோஸ் பாக்கெட். சிதம்பரத்தில் டிபன் முடித்துவிட்டு, சீர்காழி தாண்டி அந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தப் போகிறோம். அந்த அம்மாவுக்குக் கொடுக்க ஒரு கிலோ முந்திரி வாங்கி வைத்தாகிவிட்டது.