இரத்தம் போகும் வழி: மூன்று செயற்கை இதய வால்வுகள்

மூன்றுக்கும் வேலை ஒன்றுதான்: இரத்தத்தை முன்னே விட்டு, திரும்ப விடாமல் தடுப்பது. வழிவிடும் விதம்தான் வேறு.

கூண்டுப் பந்து (ஸ்டார்-எட்வர்ட்ஸ், 1960): பந்து நடுவே மறிப்பதால் இரத்தம் சுற்றிக்கொண்டு போகிறது, சுழிப்பும் அழுத்த இழப்பும் அதிகம்.

சாயும் தட்டு (சித்ரா, 1990): திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் குழு உருவாக்கியது. பாலிஎத்திலீன் தட்டு 70 பாகை சாய்ந்து, ஒருபுறம் பெரிய வழியும் மறுபுறம் சிறிய வழியும் விடுகிறது.

ஈரிதழ் (செயின்ட் ஜூட், 1977): இரண்டு அரைவட்ட இதழ்கள் திறந்ததும் மூன்று வழிகளில் ஏறத்தாழ நேரான ஓட்டம்.

ஒப்பிடும் முறை: இதயம்போல் துடிக்கும் பம்பில் கிளிசரின் கலந்த நீரை ஓட்டி, வால்வின் இருபுற அழுத்த வேறுபாட்டையும் பின்கசிவையும் அளக்கிறார்கள். ஓட்டம் தேங்குமிடத்தில் இரத்தம் உறையும். எதைப் பொருத்தினாலும் வாழ்நாள் முழுக்க உறைவுத் தடுப்பு மாத்திரை தேவை.