கடலில் நாம் எங்கே இருக்கிறோம்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், அருவியில் நீராடியோர் சிலர் வெண்ணமடைக் குளத்தில் படகேறி மகிழ்வதுண்டு. அங்கே வழி தவறிவிடுமோ என்னும் அச்சம் எவருக்கும் இல்லை. நாற்புறமும் கரை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அம்மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து, தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. அந்த நீரைப் பின்பற்றி நாமும் கடலுக்குள் சென்றால், சிறிது நேரத்தில் கரை மறைந்துவிடும். அப்போது எழும் முதல் வினா, "நாம் எங்கே இருக்கிறோம்?" என்பதாகும்.

இவ்வினாவிற்குத் தென்கடல் மீனவர் நெடுங்காலத்திற்கு முன்பே விடை கண்டனர். கரையிலுள்ள தேவாலயக் கோபுரம் ஒன்றும், அதன் பின்னே தொலைவில் தோன்றும் மலைமுடி ஒன்றும் ஒரே நேர்கோட்டில் வருமாறு படகைச் செலுத்துவர். பிறகு வேறொரு திசையிலும் அவ்வாறே இரண்டு அடையாளங்களை இணைத்துப் பார்ப்பர். இரு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்றே அன்றோ? அப்புள்ளியே அவர்கள் நாடிய மீன்பார். பள்ளியில் நாம் பயிலும் வடிவ கணிதம் அவர்கள் கண்ணிலும் நினைவிலும் இருந்தது. ஆயினும், மலை மறைந்த ஆழ்கடலிலும் நள்ளிரவிலும் இம்முறை பயன்படாது.

இக்காலத்தில் மலைமுடிகளின் இடத்தைச் செயற்கைக் கோள்கள் பெற்றுள்ளன. அமெரிக்க நாட்டினர் அமைத்த ஜி.பி.எஸ். முறையில் முதற் கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் அம்முறை முழுமை பெற்றது. அக்கோள்கள் நிலத்திற்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும், அப்போதைய நேரத்தையும் வானொலி அலையாக அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அலை புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டு, படகிலுள்ள கருவி தொலைவைக் கணிக்கிறது. இதில் நேரமே உயிர்நாடி. ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால், தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். ஆகவேதான் கோள்களில் அணுக்கடிகாரங்களை வைத்துள்ளனர். இடத்தை அறிய மூன்று கோள்கள் போதும். ஆயினும் படகிலுள்ள எளிய கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது கோளும் வேண்டும்.

நம் நாடும் 'நாவிக்' என்னும் தனி முறையை அமைக்கத் தொடங்கி, 2013 ஜூலை முதல் நாள் அதன் முதற் கோளை ஏவியது. அதனைச் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் திரவ எரிபொருள் எஞ்சின்கள் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுபவை. குற்றால மலைத்தொடரே தெற்கு நோக்கி நீண்டு மகேந்திரகிரியாக நிற்கிறது என்பதை நினைவிற் கொள்க.

கோள்கள் தருவது அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்களையே. தென்காசி ஏறத்தாழ 8 பாகை 57 கலை வட அட்சத்தில் உள்ளது என்பது போன்ற செய்தி அது. அவ்வெண்களைக் கடற்படத்தின் மீது புள்ளியாக இட்டுக் காட்டும் கருவியே 'சார்ட் பிளாட்டர்'. அதனைப் படகில் பொருத்துவோர் சிலவற்றைக் கருத வேண்டும். அலைவாங்கிக்கு மேலே வானம் தடையின்றித் தெரிய வேண்டும்; இரும்புக் கூரையின் கீழ் அதை வைத்தல் ஆகாது. மின்கலத்திலிருந்து வரும் கம்பியில் தக்க பியூஸ் வேண்டும். கருவியும் அதன் கம்பிகளும் காந்தத் திசைகாட்டியை விட்டு விலகியிருக்க வேண்டும். இல்லையேல் புதிய வழிகாட்டி பழைய வழிகாட்டியைக் கெடுத்துவிடும்.

எண்களை எழுதும் முறையிலும் விழிப்பு வேண்டும். ஒரு கலையை அறுபது விகலையாகப் பிரிப்பதும் உண்டு. பதின்மப் புள்ளியிட்டு எழுதுவதும் உண்டு. 30.50 கலை என்பது 30 கலை 30 விகலையே. அதனை 30 கலை 50 விகலை என்று பதிந்தால், வட தென் திசையில் அறுநூறு மீட்டருக்கு மேல் பிழை நேரும். 1974, 1976 ஆம் ஆண்டு உடன்பாடுகளால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே வகுக்கப்பட்ட கடல் எல்லையின் அருகே, அவ்வளவு பிழை ஒருவரைச் சிறைக்கும் அனுப்பக்கூடும்.

படமும் கடலும் என்றும் ஒன்றாகவே இருப்பதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. பழைய படம் அங்கே தரையைக் காட்டும். கடலோ தன் அடியில் மேட்டை மறைத்து வைத்திருக்கும். மேலும், குறித்த இடத்திற்கு நேர்கோடு இடும் கருவி, இடையே பவளப்பாறை உண்டா என்று எப்போதும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்னொரு குறை இவற்றினும் பெரிது. இக்கருவி கேட்கும், பேசாது. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த படகுகள் பலவற்றில் ஜி.பி.எஸ். இருந்தது. தாம் இருக்கும் இடம் மீனவர்க்குத் தெரிந்திருந்தது. கரையில் இருந்தோர்க்குத் தெரியவில்லை. கரையின் எச்சரிக்கையும் அவர்களை உரிய காலத்தில் எட்டவில்லை. பலர் மீளவில்லை. அதன் பின்னரே, செயற்கைக் கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகளும், செய்தியைப் பெறவும் அனுப்பவும் வல்ல கருவிகளும் படகுகளுக்கு வழங்கப்படலாயின.

எனவே, மாணவர்களே, இக்கருவியின் பெருமையையும் எல்லையையும் ஒருங்கே அறிதல் வேண்டும். நாம் இருக்கும் இடத்தை அது கூறும். போக வேண்டிய வழியைத் தேர்வது நம் பொறுப்பு. காந்தத் திசைகாட்டியும், கண்ணும், காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த முதியோரின் அனுபவமும் அதனோடு துணை நிற்கட்டும். உங்களுள் எவரேனும் நாளை இதனினும் சிறந்த கருவியைச் செய்வீராயின், கடலில் இருப்பவன் குரல் கரைக்குத் தவறாமல் கேட்கும்படி அதைச் செய்யுங்கள்.